நாமக்கல் கோட்டையில் என் மாமியார்!

அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டால் போதும், மோகனூரில் இருக்கும் எங்கள் வீடு சத்திரம் ஆகிவிடும். சென்னையிலிருந்து என் நாத்தனார் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்துவிடுவாள். கல்லூரியில் படிக்கும் என் மகனும் ஊர் வந்து சேருவான். ஆறாவது படிக்கும் என் பெண்ணுக்குக் கேட்க வேண்டுமா? தரையில் கால் பாவாது! அடுப்படியில் நிற்கும் நமக்குத்தான் காலை எது, மாலை எது என்று தெரியாமல் போய்விடும்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லிலிருந்து தெற்கே பதினெட்டு கிலோ மீட்டர். காவேரிக் கரை. கரும்பும் வாழையும் விளையும் பூமி. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், அரைவைக் காலத்தில் ரோடு முழுக்கக் கரும்பு வண்டிகள்தான். ஊருக்குள்ளே அசலதீபேஸ்வரர் கோவில், ஊரை ஒட்டிக் கந்தமலை. மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு கைலாயத்தை விட்டு வந்த முருகனைப் பார்வதி தேவி, "மகனே!" என்று கூப்பிட, அவர் நின்ற இடம் இதுவாம். 'மகனூர்'தான் மோகனூர் ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்ததும் எங்கள் ஊரில்தான். 1949-ல் சென்னை மாகாண அரசு தன் ஆஸ்தான கவிஞராக நியமித்தது இவரைத்தான் என்பதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் கர்வம் உண்டு!

இந்தத் தடவை லீவில் வம்பை ஆரம்பித்து வைத்தவன் நாத்தனார் மகன். எட்டாவது படிக்கிறான். கையில் ஒரு வெளிநாட்டுக் கோட்டைப் படப்புத்தகம். சாப்பிடும்போதும் அதுதான், படுக்கும்போதும் அதுதான்.

"அத்தை, இதைப் பாருங்க. பிரான்ஸ்ல இப்பக் கூடக் கோட்டை கட்டறாங்க!" என்று படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

கத்தரிக்காய் நறுக்கியபடியே பார்த்தேன். விஷயம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பர்கண்டிப் பகுதியில் ஒரு காட்டுக்கு நடுவே, கெதலோன் என்ற இடத்தில், 1997-ல் ஒரு கோட்டையைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்களாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எப்படிக் கட்டியிருப்பார்களோ அப்படியே கட்ட வேண்டும் என்பது அவர்கள் சங்கல்பம். கல்லைக் கையால் கொத்துகிறார்கள். குதிரை வண்டியில் இழுக்கிறார்கள். பெரிய மரச் சக்கரத்துக்குள்ளே ஆட்கள் புகுந்து நடக்க நடக்க, சக்கரம் சுற்றிக் கல் மேலே ஏறுகிறது. இதைப் பார்க்க வருஷா வருஷம் லட்சக்கணக்கில் ஜனங்கள் குடும்பத்தோடு போகிறார்களாம்.

"1997 ஜனவரியில்தான் சேலத்திலிருந்து பிரிந்து நம் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. "அங்கே புதுக் கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். இங்கே பழைய கோட்டைக்குக் கீழே கலெக்டர் ஆபீஸ் வந்தது!"

"நம்ம ஊர்ல கோட்டை இருக்கா மாமா?" என்று பையன் துள்ளி எழுந்தான்.

அவ்வளவுதான். சனிக்கிழமை நாமக்கல் போவதென்று தீர்மானமாகிவிட்டது. என் மாமியாருக்கும் சந்தோஷம். சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு உகந்த நாளாயிற்றே!

என் மாமியாருக்கு எழுபத்து மூன்று வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது முழங்காலில் வலி. எலும்பு முறியவில்லை. ஆனால் தைரியம் முறிந்துவிட்டது. வாசல்படி இறங்குவதற்குக் கூட என் தோளைத் தேடுவார்.

விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து புளிச்சோறு, தயிர்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், சுண்டல் எல்லாம் செய்து டிபன் காரியரில் அடைத்தேன். பிள்ளைகளுக்கு இட்லி கொடுத்தாகிவிட்டது. ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இவர் வாசலில் நின்று சத்தம் போட, பஸ் நிறுத்தத்தில் வைத்துத்தான் மாமியார் ஞாபகமே வந்தது. கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். இதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய பிழை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாமக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நம் கண் தானாக மேலே போகும். ஊருக்கு நடுவே ஒரே கல்லாக நிற்கிறது மலை. உயரம் இருநூறு அடிக்குச் சற்று மேல். அடிவாரத்தைச் சுற்றி வந்தால் அரை மைல். கங்கையில் கலக்கும் கண்டகி நதியிலிருந்து ஆஞ்சநேயர் சாளக்கிராமக் கல்லை எடுத்து வந்தபோது, கமலாலயக் குளத்தில் நீராடுவதற்காகக் கீழே வைத்தாராம். திரும்பி வந்து தூக்கினால் கல் அசையவில்லை. அதுதான் மலையாக வளர்ந்து நிற்கிறது என்பது தல புராணம்.

ஆஞ்சநேயர் பதினெட்டு அடி உயரம். மேலே கூரை கிடையாது. வெயிலோ மழையோ, கைகூப்பியபடி எதிரே மலையில் இருக்கும் நரசிம்மரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நரசிம்மர் சந்நிதி, மலையைக் குடைந்து செய்த குகைக் கோவில். கிழக்குப் பக்கம் இன்னொரு குகையில் அரங்கநாதர், கார்க்கோடகன் என்ற பாம்பின் மேல் பள்ளிகொண்டிருக்கிறார். இரண்டும் எட்டாம் நூற்றாண்டில் அதியர் குல அரசர்கள் காலத்தவை. நரசிம்மர் குகைச் சுவரில் இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், வராகர், உலகளந்தவர் என்று எத்தனை சிற்பங்கள்! நின்று பார்க்க நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

நாமகிரித் தாயாரைச் சேவிக்கும்போது என் பெண்ணின் காதில், "கணித மேதை ராமானுஜன் வீட்டுக் குலதெய்வம் இந்தத் தாயார்தான். 1914-ல் அவர் சீமைக்குப் போவதற்கே தாயார் உத்தரவு கொடுத்ததாக அவர்கள் வீட்டில் நம்பினார்கள்" என்று சொன்னேன். "அப்போ கணக்குல எனக்கும் நூறு போடச் சொல்லும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்!

சனிக்கிழமைக் கூட்டம். தரிசனம் முடிந்து வெளியே வரும்போது மணி பத்து ஆகிவிட்டது. கமலாலயப் படியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றேன். பையன்கள் விடுவார்களா? "வெயில் ஏறறதுக்குள்ள கோட்டைக்குப் போயிடலாம். வந்து சாப்பிடலாம்" என்று குதித்தார்கள். இவரும் சரி என்றார்.

கோட்டைக்குப் போகும் படிகள் மலையின் தென்மேற்குப் பக்கம் இருக்கின்றன. பாறையிலேயே வெட்டிய குறுகலான படிகள். வழக்கம்போல் டிபன் காரியர், தண்ணீர்க் கூஜா, செருப்புகள் எல்லாவற்றையும் ஒரு மர நிழலில் வைத்து, "அம்மா, நீ இங்கேயே உக்காந்து பையைப் பார்த்துக்க. ஒரு மணி நேரத்துல வந்துடறோம்" என்றார் இவர்.

அப்போதுதான் என் பெண் கேட்டாள்: "அப்பாயி, நீங்க மேல போயிருக்கீங்களா?"

"இல்ல கண்ணு. நா எப்பவும் பையைத்தான் பாத்துக்குவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு என்னவோ சுருக்கென்றது. 1969-ல் மோகனூருக்கு மருமகளாக வந்தவர். கல்யாணமான புதிதில் மாமனார், மாமியார், கொழுந்தனார்கள் எல்லாம் ஏறியிருக்கிறார்கள், இவர் கீழே. பிறகு என் கணவரும் நாத்தனாரும் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருவரைத் தோளிலும் ஒருவரைத் தொட்டிலிலும் போட்டுக்கொண்டு கீழே. பிறகு பேரன் பேத்திகளின் செருப்புகளோடு கீழே. ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த மலையைத் தினமும் நினைத்தால் பார்க்கக்கூடிய தூரத்தில் வாழ்ந்தும் அவர் மேலே என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. அவரைக் கேட்டவர்களும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் வந்து இருபத்து நாலு வருஷம் ஆகிறதே!

புடவைத் தலைப்பை இழுத்துவிட்டபடி என் பக்கம் திரும்பினார். "நா ஒண்ணு கேட்டா வையமாட்டியே அம்மிணி? மெதுவா ஏறுனா எனக்கு முடியாதா?"

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? முட்டி வலிச்சா யாரு தூக்கறது?" என்றார் இவர்.

"நாலு படி ஏறிப் பாக்கறேன். முடியலைன்னா இறங்கிடறேன்."

எனக்கு ஏதோ ஒரு வேகம். "வாங்கத்தை, போலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். நாத்தனார் பைகளுக்குக் காவல் இருந்தாள்.

இருபது படி, நிற்பது. இன்னும் இருபது படி, நிற்பது. முழங்கால் வலிக்கிறதா என்றுதான் அடிக்கொரு தரம் கேட்டேன். "இல்ல, இல்ல" என்றார். பாதி தூரம் கூட வரவில்லை. திடீரென்று கை சில்லிட்டது. மார்கழிக் காற்றில் நெற்றியெல்லாம் வியர்வை. விரல்கள் நடுங்கின. "பால் பொங்குது பாரு, அடுப்பை நிறுத்து" என்றாரே பார்க்கலாம்! எனக்கு உயிரே போய்விட்டது.

உட்கார வைத்துச் சாய்த்துக்கொண்டேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சனிக்கிழமை! தரிசனம் முடியாமல் அவர் பல்லில் எதுவும் படாது. காலையில் ஒரு வாய்க் காபி கூடக் குடிக்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையைக் கொடுத்தவள் நான். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பெண் கடலைமிட்டாயைப் பிரித்து நீட்டினாள். நல்லவேளை, முன்பு ஒரு டாக்டர் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கடலைமிட்டாய், சாக்லெட் போன்றவற்றில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். அந்த நேரத்துக்கு உதவாது. நாத்தனார் மகன் கையில் ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட் இருந்தது. அதை வாங்கி, அவர் விழுங்குகிறார் என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். என் மகன் கீழே ஓடித் தயிர்சோறு கொண்டு வந்தான். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். வியர்வை அடங்கியது. கண்ணில் தெளிவு வந்தது.

"ஏம்மா அழுவற?" என்றார் என்னைப் பார்த்து. அப்புறம் மேலே அண்ணாந்து, "இன்னும் எத்தன படி இருக்குது?" என்று கேட்டார்!

ஏறவில்லை. தயிர்சோறு சாப்பிட வைத்து, என் மகனும் இவரும் இரண்டு பக்கமும் தாங்க, மெதுவாகக் கீழே இறக்கி, நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பஸ்ஸில் திரும்பும்போது இவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார்தான் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ குடுத்தே, நா போட்டுக்கிட்டேன். சாப்புடலைன்னு நானும் சொல்லலையே. உன்னைக் குத்தம் சொல்ல முடியுமா?"

அதுதான் சகோதரிகளே, யோசிக்க வேண்டியது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள். எல்லாரும் அவசரத்தில் இருக்கும்போது தன்னால் தாமதம் ஆகக்கூடாது என்று வாயை மூடிக்கொள்வார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும். வயிற்றில் சாப்பாடு இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு, மலையும் ஏறினால், ரத்தத்தில் சர்க்கரை கீழே இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் ஆபத்தின் ஆரம்பம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, சம்பந்தமில்லாத பேச்சு இவையெல்லாம் அடையாளங்கள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரை டம்ளர் இனிப்பான பழரசமோ கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் பார்த்துச் சரியாகவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். தெளிந்த பிறகு சாப்பாடு. நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தெளிந்துவிட்டாலும் சும்மா இருந்துவிடக் கூடாது. மாத்திரையின் வேகம் சில மணி நேரம் இருக்குமாதலால் சர்க்கரை மறுபடி இறங்கலாம். அதனால் அன்றைக்கே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

"விரதம் இருக்கிற நாளில் மாத்திரையை எப்படிப் போடுவது என்று முன்னாலேயே என்னைக் கேளுங்கள்" என்று சொல்லி, மாத்திரையையும் மாற்றி எழுதினார்.

கிளம்பும்போது என் மாமியார் தயங்கித் தயங்கி, "அம்மா, நா அந்தக் கோட்டைக்கு ஏறலாங்களா?" என்று கேட்டார். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார். இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "இரண்டு மாசம் டைம் கொடுங்கள். காலுக்குப் பலம் வரட்டும். அப்புறம் ஏறலாம்" என்றார்.

அந்த இரண்டு மாசமும் எங்கள் வீட்டில் ஒரே அமர்க்களம். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் மேல் விழும் பாரம் குறையுமாம். என் பெண்தான் எண்ணுவாள். மாலையில் காவேரிக் கரையில் நடை. முதலில் பத்து நிமிஷம், பிறகு பதினைந்து, அப்புறம் அரை மணி. ஒரு மாசம் கழித்துக் கந்தமலைப் படிகள். "ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்" என்ற டாக்டர் வாக்கை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே ஏறுவார். ஒரு நாள் நான் அடுப்படியில் இருக்கும்போது அவர் பாட்டுக்கு வாசல்படி இறங்கிப் பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என் தோளைத் தேடவில்லை. கோட்டை ஏறியது இருக்கட்டும், எனக்கு அன்றைக்கே ஏறிவிட்டது போலத்தான் இருந்தது.

புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட முதலில் வெட்கப்பட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பாறைச் சூடும் கல் குத்துவதும் தெரியாமல் புண்ணாகிவிடும் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

பிப்ரவரிக் கடைசியில், கூட்டம் அதிகமில்லாத ஒரு வார நாளில், வீட்டிலேயே இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, மறுபடி கிளம்பினோம். என் இடுப்பில் ஒரு சின்னப் பை. அதில் சர்க்கரைப் பொட்டலம், தண்ணீர், பிஸ்கட். மகன் லீவு போட்டு வந்திருந்தான். படிக்கட்டு அடியில் போய் நின்றதும் ஒரு பிரச்னை. பைகளை யார் பார்த்துக்கொள்வது?

இவர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு டிபன் காரியரை வாங்கிக்கொண்டு, அதே மர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். "நான் பார்த்துக்கறேன். நீ போய்ட்டு வாம்மா" என்றார்.

மகன் முன்னால், மாமியார் நடுவில், நான் பின்னால், என் பெண் எங்கே தோன்றுகிறதோ அங்கே! போன தடவை உட்கார்ந்த இடத்தில் ஒரு தரம் நின்று, கையால் பாறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஏறினார். நாற்பது நிமிஷம் ஆனது. ஆகட்டுமே, யார் துரத்துகிறார்கள்?

வாசலைத் தாண்டி உள்ளே போனால் மேலே சமதரையாக ஒன்றரை ஏக்கர்தான் இடம். விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் மதில். ராஜா ராணி வாழ்ந்த மாளிகை எதையும் தேடாதீர்கள். படை தங்கிய கோட்டை இது. பெருமாளுக்கு ஒரு பழைய கோவில், ஒரு தர்கா. இரண்டும் அக்கம்பக்கமாகக் காற்று வாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஷூவைக் கழற்றி இரண்டு இடத்திலும் கும்பிட்டார் என் மாமியார்.

கோட்டையைக் கட்டியவர் சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் என்று ஒரு வழக்கு. மைசூர் அரசின் அதிகாரி லட்சுமி நரசய்யா என்று இன்னொரு வழக்கு. 1768-ல், முதல் மைசூர்ப் போரின்போது, ஆங்கிலேயர்கள் இதைப் பிடித்தார்கள். அதே வருஷத்திலேயே ஹைதர் அலி திரும்பப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் மகன் திப்பு சுல்தான் வசமும் இருந்தது. ஐரோப்பாவில் கோட்டையைச் சுற்றி அகழி வெட்டுவார்கள். இங்கே செங்குத்தான மலையே அகழிக்குச் சமம். பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் சங்ககிரி துர்க்கம் இருக்கிறது. இதைவிடப் பல மடங்கு உயரம். தீரன் சின்னமலையை ஆங்கிலேயர்கள் 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை அது. எல்லாவற்றையும் என் மகன் வாத்தியார் மாதிரி ஒப்பித்தான்.

பேரன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இத்தன பேர் மேல இருந்தாங்கன்னா, சோறு ஆக்கினது யாரு கண்ணு? மழை பெய்யாத மாசத்துல தண்ணி சுமந்தது யாரு?"

மகன் விழித்தான். கட்டியவர் பெயருக்கே இரண்டு வழக்கு இருக்கிறது. தண்ணீர் சுமந்தவர்களுக்கு ஒரு வழக்கும் இல்லை.

மதில் ஓரம் நிழலில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. கீழே கமலாலயம், அதைச் சுற்றி ஊர், லாரிகள் வரிசை வரிசையாக விளையாட்டுச் சாமான் போல. தெற்கே பார்த்து, "நம்ம ஊர் அந்தப் பக்கந்தானே?" என்று கேட்டார். காவேரி தெரிகிறதா என்று நெடுநேரம் தேடினார். வெயில் மூட்டத்தில் பச்சையாக ஒரு கோடு மட்டும் இருந்தது. அதைக் காவேரி என்று அவர் சொன்னார். நாங்களும் ஆமாம் என்றோம்.

பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். மர நிழலில் துண்டின் மேல் இவர், பக்கத்தில் டிபன் காரியர். எறும்பு மாதிரி தெரிந்தது.

"பாவம், ஒத்தையில உக்காந்திருக்கான். பசிக்கும்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அங்கிருந்து பார்த்தா இந்தச் சுவருதான் தெரியும். உள்ள என்ன இருக்குமோன்னு நா எத்தனையோ நெனச்சிருக்கறேன்."

"என்ன நெனச்சீங்க அப்பாயி?" என்றாள் என் பெண்.

"பெருசா ஒண்ணும் இல்ல கண்ணு. காத்து நல்லா இருக்கும்னு நெனச்சேன். நல்லாத்தான் இருக்குது."

நீங்களும் நாமக்கல் பக்கம் வந்தால் கோட்டைக்கு ஏறிப் பாருங்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். காலையிலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். மேலே கடை கண்ணி எதுவும் இருக்கும் என்று நம்பிப் போகாமல் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். படிகள் குறுகல், மழை நாளில் வேண்டாம். மதியம் கோவில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் தரிசன நேரத்தையும் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். இருதயக் கோளாறு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் கூட வந்தால் இடுப்பில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் வழக்கமாகப் பையைப் பார்த்துக்கொள்பவர் யாரோ, அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்பது ஒன்று. "நீங்களும் வர்றீங்களா?" என்பது இன்னொன்று.